வலிய கையும் அதனினும் வலிய கையும்



உங்கள் கையில் மிக நல்ல சீட்டு விழுந்திருக்கிறது. ஆனால் அதைவிட நல்ல சீட்டு ஒன்று உலகில் உண்டு. அது எதிரே இருப்பவரிடம் இருக்கிறதா, இல்லையா? உங்களுக்குத் தெரியாது. அவரோ தம்மிடம் உள்ள அனைத்தையும் பந்தயமாக வைத்துவிட்டார். நீங்கள் துணிந்து ஏற்பதா? ஒதுங்குவதா?

"அறிவியல் இதழில் சீட்டாட்டமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். அவர்களுடைய கவலை நியாயமானதே. சூதில் பொருளிழந்து, கடன்பட்டு, உயிரையே மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகளை நம் மாநிலத்து நாளிதழ்களில் நாம் படித்திருக்கிறோம். ஆயினும் மேலே கேட்ட கேள்வி சீட்டாட்டத்துக்கு மட்டும் உரியதன்று. கிணறு வெட்டும் உழவரும், லாரி வாங்கும் தொழில் முனைவோரும், நோயைக் கணிக்கும் மருத்துவரும் இதே கேள்வியைத்தான் சந்திக்கிறார்கள். சீட்டுக் கட்டில் 52 சீட்டுகள் மட்டுமே இருப்பதால் அங்கே கணக்கு எளிது. எனவே அங்கிருந்து தொடங்குவோம்.

சூதிலிருந்து பிறந்த கணிதம்

1654ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டில் தெ மேரே என்ற கனவான் ஒருவர் பாஸ்கல் என்ற கணித அறிஞரிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். இருவர் பந்தயம் வைத்து ஆடுகின்றனர். ஆட்டம் பாதியில் நின்றுவிடுகிறது. ஒருவர் முன்னணியில் இருக்கிறார். பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது?

பாஸ்கல் இதுபற்றி ஃபெர்மா என்ற மற்றோர் அறிஞருக்குக் கடிதம் எழுதினார். "இதுவரை யார் எவ்வளவு வென்றார் என்று பாராதே, இனி ஆட்டம் எத்தனை வழிகளில் முடியக்கூடும், அவற்றுள் எத்தனை வழிகள் யாருக்குச் சாதகம் என்று பார்" என்பதே அவ்விருவரும் கண்ட விடையின் சாரம். நீங்கள் பள்ளியில் படிக்கும் நிகழ்தகவுப் பாடத்தின் தொடக்கம் இக்கடிதங்களே. இந்த ஒரு கருத்தைக் கையில் வைத்துக்கொண்டால் நம் கேள்விக்கும் விடை கண்டுவிடலாம்.

இரண்டு ராஜாக்கள்

போக்கர் என்ற ஆட்டத்தில் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 2 சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பிறகு அனைவருக்கும் பொதுவாக 5 சீட்டுகள் நடுவில் திறந்து வைக்கப்படும். தம் இரண்டையும் நடுவிலுள்ள ஐந்தையும் சேர்த்து, அந்த ஏழில் சிறந்த ஐந்தை யார் அமைக்கிறாரோ அவரே வென்றவர்.

முதல் இரண்டு சீட்டுகளில் மிக வலியது இரண்டு ஆஸ். அதற்கு அடுத்தது இரண்டு ராஜா. உங்களுக்கு இரண்டு ராஜாக்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்களை மிஞ்சக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு ஆஸ்.

மீதமுள்ள சீட்டுகள் 50. இவற்றிலிருந்து இரண்டு சீட்டுகளை 50 × 49 / 2 = 1225 விதங்களில் எடுக்கலாம். நான்கு ஆஸ்களிலிருந்து இரண்டை 4 × 3 / 2 = 6 விதங்களில் எடுக்கலாம். எனவே குறிப்பிட்ட ஓர் எதிராளியிடம் இரண்டு ஆஸ் இருக்கும் நிகழ்தகவு 6/1225. அதாவது ஏறத்தாழ 204இல் 1. எட்டு எதிராளிகள் இருந்தாலும் அவர்களுள் எவரிடமாவது அது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 25இல் 1 தான்.

"அப்படியானால் அஞ்ச வேண்டியதில்லை!" என்று முடிவு கட்டிவிடலாமா? பொறுங்கள்.

எதிராளி பேசுகிறார்

1225இல் 6 என்ற கணக்கு, எதிராளி வாய் திறவாமல் இருக்கும்வரை சரி. அவர் தம்மிடமுள்ள அனைத்தையும் முன்னால் தள்ளிவிட்டார் என்றால் அது ஒரு செய்தி. செய்தி கிடைத்தபின் பழைய கணக்கு செல்லாது.

அவர் மிகவும் நிதானமானவர் என்று கொள்வோம். இரண்டு ஆஸ், இரண்டு ராஜா, இரண்டு ராணி, ஓர் ஆஸும் ஒரு ராஜாவும் ஆகிய நான்கு வகைகளில் ஒன்று கிடைத்தால் மட்டுமே இப்படித் தள்ளுவார். உங்களிடம் இரண்டு ராஜாக்கள் இருப்பதால் வெளியே இரண்டு ராஜாக்கள்தான் உள்ளன. இனி எண்ணுவோம்.

இரண்டு ஆஸ்: 6 விதங்கள்
இரண்டு ராஜா: 1 விதம்
இரண்டு ராணி: 6 விதங்கள்
ஓர் ஆஸும் ஒரு ராஜாவும்: 4 × 2 = 8 விதங்கள்
மொத்தம்: 21 விதங்கள்

ஆகவே அவரிடம் இரண்டு ஆஸ் இருக்கும் நிகழ்தகவு 6/21. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 29! சற்றுமுன் 204இல் 1 ஆக இருந்தது இப்போது 7இல் 2 ஆகிவிட்டது. சீட்டுகள் மாறவில்லை. மாறியது நம் அறிவு மட்டுமே.

எதிராளி நிதானமற்றவராக இருந்தால்? மேற்சொன்னவற்றோடு இரண்டு ஜாக்கி, இரண்டு பத்து, இரண்டு ஒன்பது, இரண்டு எட்டு, ஓர் ஆஸும் ஒரு ராணியும் ஆகியவற்றுக்கும் அனைத்தையும் தள்ளுபவர் என்போம். நான்கு புதிய இணைகளுக்கு 4 × 6 = 24 விதங்கள்; ஆஸும் ராணியும் சேர 4 × 4 = 16 விதங்கள். மொத்தம் 21 + 24 + 16 = 61. இப்போது ஆபத்து 6/61. நூற்றுக்கு 10க்கும் குறைவு.

ஒரே சீட்டு, ஒரே செயல். ஆயினும் செய்தவர் யார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. "புதிய செய்தி வந்தால் பழைய நிகழ்தகவை எப்படித் திருத்துவது?" என்பதற்கு விதி கண்டவர் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவர் மறைந்த பின், 1763இல் அவருடைய கட்டுரை வெளியாயிற்று. நாம் மேலே செய்த எண்ணிக்கை பேய்ஸ் விதியின் எளிய வடிவமே.

இனி வெற்றி வாய்ப்பைக் காண்போம். நடுவில் விழும் ஐந்து சீட்டுகள் வலியதை மெலியதாக்கவும் கூடும் அல்லவா? உங்கள் இரண்டு ராஜாக்கள், இரண்டு ஆஸ்களை நூற்றுக்கு ஏறத்தாழ 18 முறை வெல்லும். சிறிய இணைகளை ஏறத்தாழ 81 முறையும், ஆஸ்-ராஜாவை 69 முறையும், ஆஸ்-ராணியை 71 முறையும் வெல்லும். இரண்டு ராஜாக்களுக்கு எதிரே இரண்டு ராஜாக்கள் என்றால் சரிபாதி. ஒவ்வொன்றையும் அதன் விதங்களால் பெருக்கிக் கூட்டி, மொத்த விதங்களால் வகுத்தால் சராசரி கிடைக்கும்.

நிதானமானவருக்கு எதிரே: நூற்றுக்கு 57
நிதானமற்றவருக்கு எதிரே: நூற்றுக்கு 70

இரண்டுமே பாதிக்கு மேல். எனவே இருவரையும் எதிர்க்கலாம் போலத் தோன்றுகிறது. இங்கேதான் ஒரு வியப்பு காத்திருக்கிறது!

வில்லை வேறு, பரிசு வேறு

போக்கர் போட்டித் தொடர்களில் ஒவ்வொருவருக்கும் சம எண்ணிக்கையில் வில்லைகள் தரப்படும். வில்லைகள் தீர்ந்தவர் வெளியேற வேண்டும். 1970இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் தொடங்கிய போக்கர் உலகத் தொடர் இவ்வகைப் போட்டிகளுக்குப் பெயர் பெற்றது. இங்கே வில்லை என்பது பணமன்று. தொடர்ந்து ஆடும் உரிமை மட்டுமே. பரிசு, எத்தனையாவதாக வெளியேறினோம் என்பதைப் பொறுத்தது.

பணத்துக்குப் பதிலாகப் புத்தகங்களைப் பரிசாக வைப்போம். முதற்பரிசு 60 புத்தகங்கள், இரண்டாம் பரிசு 40, மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை. சம திறமையுடைய மூவர் எஞ்சியுள்ளனர். ஒவ்வொருவரிடமும் 100 வில்லைகள். இந்நிலையில் ஒவ்வொருவருடைய நியாயமான பங்கு 100 / 3 = 33⅓ புத்தகங்கள்.

ஒருவர் 100 வில்லைகளையும் தள்ளிவிட்டார். மூன்றாமவர் ஒதுங்கிவிட்டார். நீங்கள் ஒதுங்கினால் உங்கள் பங்கு அதே 33⅓. எதிர்த்துத் தோற்றால் பூஜ்யம். எதிர்த்து வென்றால் உங்களிடம் 200, மூன்றாமவரிடம் 100. அப்போது முதற்பரிசு உங்களுக்குக் கிடைக்கும் நிகழ்தகவு என்ன?

அதை 'ப' என்போம். சமமான ஆட்டத்தில் 100 வில்லைகளைப் பந்தயம் வைத்தால் பாதி வாய்ப்பில் நீங்கள் அப்போதே வெல்வீர்கள். மீதிப் பாதியில் நிலைமை தலைகீழாகி, உங்களிடம் 100, அவரிடம் 200 ஆகும். அப்போது உங்கள் வாய்ப்பு (1 − ப). எனவே

ப = 1/2 + 1/2 (1 − ப)

இதிலிருந்து ப = 2/3. சமமான ஆட்டத்தில் வெற்றி வாய்ப்பு, கையிலுள்ள வில்லைகளின் விகிதத்திலேயே அமையும் என்பது இதன் பொதுவிதி.

ஆகவே வென்றபின் உங்கள் சராசரிப் பங்கு 2/3 × 60 + 1/3 × 40 = 53⅓ புத்தகங்கள்.

கவனியுங்கள்! 100 வில்லைகளை இழந்தால் 33⅓ புத்தகங்கள் போகின்றன. 100 வில்லைகளை வென்றாலோ 20 புத்தகங்கள்தான் கூடுகின்றன. வில்லை இருமடங்கானாலும் பங்கு இருமடங்காவதில்லை. எனவே எதிர்ப்பது பயன்தர வேண்டுமானால் உங்கள் வெற்றி வாய்ப்பு குறைந்தது 33⅓ / 53⅓, அதாவது நூற்றுக்கு 62.5 இருக்க வேண்டும்.

இப்போது திரும்பிப் பாருங்கள். நிதானமானவருக்கு எதிரே உங்கள் வாய்ப்பு 57. அது 62.5க்குக் குறைவு. இரண்டு ராஜாக்களை வைத்துக்கொண்டு ஒதுங்குவதே அறிவுடைமை! நிதானமற்றவருக்கு எதிரே 70. அங்கே எதிர்ப்பதே சரி. பரிசு முழுவதும் முதல்வருக்கே என்ற விதி இருந்தால் நிலைமை மீண்டும் மாறும். வென்றபின் பங்கு 66⅔ ஆகும். தேவையான வாய்ப்பு சரியாக 50 தான். அப்போது இருவரையுமே எதிர்க்கலாம்.

காணாமற்போன 13⅓ புத்தகங்கள் எங்கே சென்றன? இயற்பியல் மாணவர்கள் இக்கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது. ஆற்றல் அழிவதில்லை என்பதுபோல, மொத்தப் பரிசும் 100 புத்தகங்களே, அது குறைவதில்லை. கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாமவரின் பங்கு 1/3 × 60 + 2/3 × 40 = 46⅔ ஆக உயர்ந்துவிட்டது. 33⅓ இலிருந்து 13⅓ கூடுதல்! ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு வேண்டுமா?

நம் மண்ணில் இதே கணக்கு

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் உங்களுக்குத் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் புதியவையல்ல. இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று அவை துளையிடுகின்றன. நம் நிலத்தடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் போன்ற கடும்பாறை. மேலே மக்கிய பாறைப் பகுதியிலும், கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். வெடிப்பு தட்டுப்பட்டால் நீர். தவறினால் வெறும் புழுதி.

துளையிடுமுன் மின்தடைச் சோதனை செய்வார்கள். தரையில் முளைகளை அடித்து, மின்னோட்டம் செலுத்தி, மின்தடை எண்ணைக் கணிப்பார்கள். காய்ந்த கடும்பாறைக்கு அது மிக அதிகம். நீர் நிறைந்த வெடிப்புப் பகுதிக்குக் குறைவு. குறைந்த அளவு கிடைத்தால் உழவர் கையில் 'இரண்டு ராஜாக்கள்' வந்தது போலத்தான். ஆனால் களிமண் படிந்த மக்கிய பாறையும் குறைந்த மின்தடை எண்ணையே காட்டும்! களி நீரைத் தேக்கி வைத்திருந்தாலும் எளிதில் விட்டுக்கொடுக்காது. வலிய கைக்கு எதிரே மறைந்திருக்கும் வலிய கை இதுவே. எனவே அந்த வட்டாரத்தில் களி எவ்வளவு பரவலானது, பக்கத்துக் கிணறுகளில் என்ன நேர்ந்தது என்பவற்றையும் சேர்த்தே சோதனையின் முடிவைப் படிக்க வேண்டும். நிதானமான எதிராளியா, நிதானமற்றவரா என்று பார்த்தோம் அல்லவா? அதே செயல்தான்.

இனி வில்லைக் கணக்கு. நீர் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 70 என்று கொள்வோம். மூன்று கிணறுகளுக்குப் பொருளுள்ளவர், ஒன்றையொன்று சாராத மூன்று இடங்களில் துளையிட்டால், மூன்றும் பொய்க்கும் நிகழ்தகவு 0.3 × 0.3 × 0.3 = 0.027 தான். நிலத்தை அடகு வைத்து ஒரே ஒரு கிணறு தோண்டுபவருக்கோ அது 0.3. ஒரே பாறை, ஒரே சோதனை. ஆனால் ஒருவருக்கு அது முயற்சி, மற்றவருக்கு வாழ்வா சாவா என்ற பந்தயம். ஒரே லாரி வைத்திருப்பவருக்கும் பத்து லாரி வைத்திருப்பவருக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. காப்பீடு என்ற ஏற்பாடு தோன்றியதன் காரணமும் இதுவே. நூறு ரூபாயின் மதிப்பு அதை வைத்திருப்பவரின் நிலையைப் பொறுத்தது என்பதை டேனியல் பெர்னூலி 1738லேயே கணித வடிவில் எழுதிக் காட்டினார்.

அரிதாக நிகழும் பேரிழப்புகளின் நிகழ்தகவைக் கணிப்பது தனியொரு துறையாகவே வளர்ந்துள்ளது. சுவீடன் நாட்டு அறிஞர் கிராமர் காப்பீட்டுக் கணக்குகளை ஆராய்ந்து அதற்கு வித்திட்டார். அதை முழுமையான கோட்பாடாக வளர்த்தவர் 1940இல் சென்னையில் பிறந்த சீனிவாச வரதன். அப்பணிக்காக 2007இல் அவருக்கு ஏபெல் பரிசு வழங்கப்பட்டது என்பது நமக்குப் பெருமை.

திறமையா, வாய்ப்பா?

சீட்டாட்டம் திறமையா, வாய்ப்பா என்ற கேள்வி நம் நீதிமன்றங்களுக்கும் வந்திருக்கிறது. ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்துச் சேர்க்கும் திறமை முதன்மையானது; அது 'மூன்று சீட்டு' போல முழுக்க முழுக்க வாய்ப்பைச் சார்ந்த ஆட்டமன்று என்று 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பிறகு ஆட்டம் கைப்பேசிக்குள் நுழைந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022இல் தமிழக அரசு ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டே இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் பேரவையில் நிறைவேறி, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மி, போக்கர் ஆகியவற்றை வாய்ப்பு விளையாட்டுகள் எனக் குறித்த அட்டவணையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ வாய்ப்போ, பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது.

கணிதம் என்ன சொல்கிறது? இக்கட்டுரையில் நாம் செய்த கணக்குகளே போக்கரில் திறமைக்கு இடமுண்டு என்பதற்குச் சான்று. ஆனால் திறமை இருப்பதால் பணம் பாதுகாப்பாக இருக்கும் என்பது பெரும் பிழை. இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, கையிருப்பு. சமமான ஆட்டத்திலேயே, 100 ரூபாய் உள்ளவர் 900 ரூபாய் உள்ளவருடன் ஒருவர் ஓட்டாண்டியாகும்வரை ஆடினால் அவர் வெல்லும் வாய்ப்பு 100/1000, பத்தில் ஒன்று. நம் 'ப' கணக்கின் விதியே இது.

இரண்டாவது, தரகு. இருவர் தலா 100 ரூபாய் வைக்க, ஆட்டத்தை நடத்துபவர் 200இல் 10 ரூபாயை எடுத்துக்கொண்டு மீதியை வென்றவருக்குத் தருவதாக வைத்துக்கொள்வோம். சம திறமை உடைய இருவரும் சராசரியாக ஒவ்வோர் ஆட்டத்திலும் 5 ரூபாய் இழக்கிறார்கள். 20 ஆட்டங்களில் ஒவ்வொருவரும் சராசரியாக 100 ரூபாய் இழந்திருப்பார்கள். மோதுபவர்கள் மாறி மாறி வெல்வதாக எண்ண, ஆடாமல் அமர்ந்திருப்பவரின் பை நிறைகிறது. மூன்றாமவரை நினைவிருக்கிறதா?

ஆகவே நல்ல சீட்டு வந்திருக்கிறதா என்ற கேள்வி மட்டும் போதாது. இந்த மேசையில் அமர வேண்டுமா என்பது அதற்கும் முந்திய கேள்வி. அதற்கும் நிகழ்தகவுதான் விடை சொல்கிறது.

செய்து பாருங்கள்

1. நண்பர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். நீங்கள் 4 புளியங்கொட்டைகளும் அவர் 2 புளியங்கொட்டைகளும் வைத்துக்கொள்ளுங்கள். நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் அவர் உங்களுக்கு ஒன்று தரவேண்டும். பூ விழுந்தால் நீங்கள் அவருக்கு. ஒருவரிடம் ஒன்றும் இல்லாமற்போகும்வரை ஆடுங்கள். இதை 30 முறை செய்து குறித்து வையுங்கள். ஏறத்தாழ 20 முறை நீங்கள் வென்றிருப்பீர்கள். 300 முறை செய்தால் விகிதம் 2/3ஐ மேலும் நெருங்கும். வகுப்பு முழுவதும் பங்கிட்டுக்கொண்டால் ஒரே மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

2. உங்களிடம் இரண்டு ராணிகள் உள்ளன. மேலே சொன்ன நிதானமான எதிராளி அனைத்தையும் தள்ளிவிட்டார். அவரிடம் உங்களுடையதைவிடப் பெரிய இணை இருக்கும் நிகழ்தகவு என்ன?

(விடை: இரண்டு ஆஸ் 6, இரண்டு ராஜா 6, இரண்டு ராணி 1, ஆஸ்-ராஜா 16, மொத்தம் 29. பெரிய இணைகள் 12. எனவே 12/29, நூற்றுக்கு ஏறத்தாழ 41.)